சுறாவோட ஆன்டிபாடி எப்பிடி ஒத்தக் கையில பிடிக்குது? கரிமேடு மீன் மார்க்கெட்ல ஆரம்பிச்ச சந்தேகம்

கரிமேட்டுக்காரி
சனி, காலை 8.10

எல்லாருக்கும் வணக்கம். நான் விலங்கியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். எங்க அக்காவுக்கு போன வாரம் பிள்ளை பிறந்துச்சு, அதான் அம்மா இன்னைக்கு விடியக்காலமே என்னைய எழுப்பி கரிமேட்டுக்குப் போயி பால்சுறா வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க, புட்டு பண்றதுக்கு. கொதிக்கிற தண்ணியில மஞ்சப்பொடியப் போட்டு துண்டுகள இறக்குனதும் ஒரு நெடி வந்துச்சு பாருங்க, கண்ணு கரிச்சு தண்ணி வந்துருச்சு. அம்மா "சுறான்னா அப்பிடித்தான், வெந்தா போயிரும்"னு சொல்லிட்டு தோல உரிச்சு, மண்ணு மாதிரி நறநறன்னு இருக்கிறதத் தேச்சுத் தேச்சுக் கழுவுறாங்க.

அந்த நெடி எதுனாலங்கிறது வகுப்புல சொல்லிக்குடுத்துருக்காங்க. சுறா ரத்தத்துல யூரியா நெறைய இருக்கும், செத்தப்பறம் பாக்டீரியா அத அம்மோனியாவா மாத்தும். ஆனா போன செமஸ்டர் லேப்ல யூரியாவ வச்சுத்தான நாங்க புரோட்டீனோட மடிப்பையே அவுத்தோம்? அப்பறம் எப்பிடி சுறாவோட ஆன்டிபாடி, அதான் கிருமியப் பிடிக்கிற புரோட்டீன், அது மட்டும் குலையாம வேலை செய்யுது? இன்னொண்ணு, எங்க புத்தகத்துல ஒரே ஒரு வரி இருக்கு, சுறாவுக்கு லைட் செயின் இல்லாத ஆன்டிபாடி உண்டுன்னு. அதுக்கு மேல ஒண்ணுமே போடல. லைட் செயின் இல்லாம எப்பிடிப் பிடிக்கும், எத்தன விதம் உண்டாகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோச்சடை மருந்துக்கடை
சனி, காலை 8.55

நல்ல கேள்விம்மா. யூரியா கணக்க மட்டும் நான் சொல்லிர்றேன், தினமும் ரிப்போர்ட் பாக்குற ஆளு. நமக்கு ரத்தத்துல யூரியா டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமத் தாண்டுனாலே டாக்டரு கிட்னியப் பாக்கணும்பாரு. சுறாவுக்கு லிட்டருக்கு 350 மில்லிமோல் ஒட்டி இருக்கும்னு படிச்சுருக்கேன், அத நம்ம ரிப்போர்ட் கணக்குக்கு மாத்துனா 2100 வருது. நமக்கு அந்தளவு ஏறுனா ஆளு தங்காது, அதுக்கு அதான் சாதாரணம். கடல் உப்பு அதோட உடம்புத் தண்ணிய இழுத்துறாம இருக்க யூரியாவச் சேத்து வச்சு ஈடு கட்டுது.

மேலூர் விவசாயி
சனி, காலை 9.20

வயலுக்குப் போடுற அதே யூரியாவா? அது உடம்புக்குள்ள இருந்தா கறி புண்ணாகிறாதா பாப்பா?

நாகமலை ஆய்வகம்
சனி, முற்பகல் 11.05

அதே யூரியாதான் அண்ணே, மூட்டையில வர்றதும் அதுவும் ஒண்ணுதான்.

நான் பத்து வருஷமா ஆன்டிபாடி வேலைதான் பாக்குறேன், படிச்சது நம்ம காமராஜர் பல்கலைக்கழகத்துல. கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

யூரியா புரோட்டீனக் குலைக்குங்கிறது சரிதான். சுறா அதுக்கு ரெண்டு வழி வச்சுருக்கு. ஒண்ணு, டிரைமெத்தில் அமீன் ஆக்சைடுன்னு ஒரு பொருளையும் ரத்தத்துல சேத்து வச்சுக்கிரும், ஏறக்குறைய ரெண்டு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு, அது புரோட்டீன இறுக்கிப் பிடிச்சு மடிப்பு கலையாமப் பாத்துக்கிரும். ரெண்டாவது, ஆன்டிபாடியோட கட்டுமானமே கெட்டி. 2014-ல ஜெர்மனிக்காரய்ங்க சுறா ஆன்டிபாடியோட அடிப்பகுதி டொமைன்கள, அதாவது தனித்தனியா மடிஞ்ச துண்டுகள, எடுத்து ஒவ்வொண்ணாப் பாத்தாய்ங்க. கூடுதலா ஒரு உப்புப் பாலம், அதாவது பிளஸ் சார்ஜும் மைனஸ் சார்ஜும் ஒண்ண ஒண்ணு இழுத்துப் பிடிக்கிற இடம், அப்பறம் தண்ணிய ஒதுக்குற உள்மையம் பெருசா இருக்கிறது, இந்த ரெண்டுனாலதான் அது நிக்குதுன்னு கண்டுபிடிச்சாய்ங்க. அதே ரெண்டையும் மனுச ஆன்டிபாடியில வச்சுப் பாத்தா அதும் முன்னவிட கெட்டியாச்சு, செல்லுல இருந்து கூடுதலாவும் வெளிய வந்துச்சு. எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும், ஏன்னா காரணத்தக் கண்டுபிடிச்சதோட விடாம அத வேற எடத்துல நட்டு, முளைக்குதான்னும் பாத்துருக்காய்ங்க.

இப்ப லைட் செயின் விஷயம். நம்ம உடம்புல இருக்கிற ஐஜிஜி ஆன்டிபாடி ஒய் எழுத்து மாதிரி இருக்கும், ரெண்டு பெரிய புரோட்டீன் சங்கிலி, அதான் ஹெவி செயின், ரெண்டு சின்னச் சங்கிலி, அதான் லைட் செயின், மொத்த எடை 150 கிலோடால்டன். பிடிக்கிற நுனி ஒவ்வொண்ணும் ஒரு ஹெவியும் ஒரு லைட்டும் சேந்து உண்டாகுறது. 1995-ல மயாமியில மார்ட்டின் ஃபிளாஜ்னிக் குழு நர்ஸ் சுறாவோட ரத்தத்துல வேற ஒண்ணப் பாத்தாய்ங்க. ரெண்டே ரெண்டு ஹெவி செயின், லைட் செயினே கிடையாது. ஒவ்வொரு செயினுக்கும் அஞ்சு நிலையான டொமைன், அதுக்கு மேல பிடிக்கிறதுக்கு ஒரே ஒரு மாறும் டொமைன். அதுக்கு ஐஜிநார்னு பேரு வச்சாய்ங்க. அந்த நுனி டொமைன மட்டும் தனியா எடுத்தா விநார், வெறும் 12 கிலோடால்டன். ஆன்டிபாடி பிடிக்கிற பொருளுக்கு ஆன்டிஜென்னு பேரு, அதப் பிடிக்கிற டொமைன்கள்ல இயற்கையில இதவிடச் சின்னது கிடையாது. ரெண்டு நுனியும் தனித்தனியா ஆடும், ஒண்ண ஒண்ணு நம்பி இருக்காது.

லைட் செயின் இல்லைன்னா அது ஒட்டுற பக்கம் என்னாகும்னு கேக்கணும். நம்ம ஆன்டிபாடியில அந்தப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி, தண்ணிக்கு ஆகாது, அதனால ஹெவிய மட்டும் தனியாப் பிரிச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டிப் போயிரும். விநார்ல அந்த எடத்துல தண்ணியோட ஒத்துப்போற அமினோ அமிலங்க இருக்கு. அதான் தனியா மிதந்து நிக்குது.

திருப்பரங்குன்றம் பாலா
சனி, மதியம் 12.30

அக்கா, அப்ப இதுதான் ஆதிகால ஆன்டிபாடி, லைட் செயின் அப்பறமா வந்து சேந்துருக்குன்னுதான அர்த்தம்? சுறா 45 கோடி வருஷத்துக்கு முன்னாடியே நம்ம வம்சத்துல இருந்து பிரிஞ்சதுதான. பழசு அதுகிட்ட, புதுசு நம்மகிட்ட. எளிமையாத்தான இருக்கு.

நாகமலை ஆய்வகம்
சனி, மதியம் 1.15

அங்கதான் தம்பி தப்பு நடக்குது. சுறாகிட்ட ஐஜிநார் மட்டும் இல்ல. ஐஜிஎம் இருக்கு, அஞ்சு அஞ்சாச் சேந்ததும் உண்டு, ஒத்தையா இருக்கிறதும் உண்டு. ஐஜிடபிள்யூன்னு ஒண்ணும் இருக்கு. இந்த ரெண்டுலயும் ஒழுங்கா லைட் செயின் இருக்கு. நம்ம மாதிரி ஆன்டிபாடியையும் வச்சுக்கிட்டுத்தான் இதையும் சேத்து வச்சுருக்கு. இன்னொண்ணு, விநாரோட வரிசையப் பாத்தா நம்ம ஹெவி செயினவிட டி செல்லுங்கிற வெள்ளணு மேல இருக்கிற ரிசப்டரோடயும் லைட் செயினோட மாறும் பகுதியோடயும்தான் கூடுதலாச் சேருது. சுறாவோட டி செல் ரிசப்டர் ஒண்ணுல விநார் மாதிரியே ஒரு டொமைன் மேல தொப்பியாட்டம் உக்காந்துருக்கிறதும் 2006-ல வெளிவந்துருச்சு. அதனால இது ஒரு தனிக் கிளை.

ஒட்டகத்தப் பாருங்க. 1993-ல பெல்ஜியத்துல ரேமண்ட் ஹாமர்ஸ் குழு ஒட்டகத்துக்கிட்டயும் லைட் செயின் இல்லாத ஆன்டிபாடி இருக்குன்னு சொன்னாய்ங்க. அது நம்ம ஐஜிஜியில இருந்து லைட் செயினத் தொலைச்சு வந்தது. சுறாவோடது வேற வழியில வந்தது. கடல்ல ஒண்ணு, பாலைவனத்துல ஒண்ணு, ஒண்ணுக்கொண்ணு தொடர்பே இல்லாம ஒரே எடத்துக்கு வந்து சேந்துருக்கு. "பழசு, புதுசு"ன்னு பிரிச்சுட்டா இந்த அதிசயம் கண்ணுல படாமயே போயிரும்.

அழகரு எந்த வழியா வந்தாலும் சித்ரா பௌர்ணமிக்கு ஆத்துக்கு வந்து சேருவாருன்னு எங்க ஆத்தா சொல்லும், அதான் நினைப்பு வருது.

திருப்பரங்குன்றம் பாலா
சனி, மதியம் 1.40

சரிக்கா, ஒத்துக்கிறேன். ஐஜிஎம் இருக்கிறது எனக்குத் தெரியாது. ஆனா ஒத்த டொமைன்னா பிடிக்கிற பரப்பு பாதிதான இருக்கும்? பிடி தளந்துறாதா?

நாகமலை ஆய்வகம்
சனி, மாலை 4.20

சாப்பாட்ட முடிச்சுட்டு வந்து எழுதுறேன். இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ஆசையே.

நம்ம ஆன்டிபாடியோட நுனியில ஹெவியில மூணு வளையம், லைட்டுல மூணு, மொத்தம் ஆறு வளையம் பிடிக்கும், அதுகளுக்கு சிடிஆர்னு பேரு. விநார்ல சிடிஆர் 2 கிடையாது, அந்த எடத்துல ரெண்டு இழையே விடுபட்டுப் போச்சு. அப்ப மிச்சம் சிடிஆர் 1, சிடிஆர் 3 ரெண்டுதான். ஆனா விடுபட்ட எடத்துல ஒரு இடுப்பு மாதிரி பகுதி இருக்கு, அதுலயும் பக்கத்துல இன்னொரு வளையத்துலயும் மாற்றம் நெறைய நடக்கும், அதுகளுக்கு எச்வி 2, எச்வி 4-ன்னு பேரு. இதுல சிடிஆர் 3 நீளம், நல்லா நீட்டிக்கிட்டு வெளிய நிக்கும்.

அடுப்படியில இருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். கோழி முட்டையோட வெள்ளக்கருவுல லைசோசைம்னு ஒரு என்சைம் இருக்கு, பாக்டீரியாவோட சுவர வெட்டுறது. அதோட உடம்புல ஒரு பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளத்துலதான் வெட்டுற வேலை நடக்கும். 2004-ல விநார் இந்த லைசோசைமப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற கோலத்தோட படிகப் படம் வெளிவந்துச்சு, நர்ஸ் சுறாவோட விநார்தான் அது. சிடிஆர் 3 விரல விட்ட மாதிரி நேரா அந்தப் பள்ளத்துக்குள்ள போயி உக்காந்துருக்கு. நம்ம ஆன்டிபாடியோட நுனி அகலம், தட்டையாப் பரவி மேல்பரப்பத்தான் பெரும்பாலும் பிடிக்கும், அந்த மாதிரிப் பள்ளத்துக்குள்ள நுழையச் சிரமப்படும். அகலமான கையால பானைக்குள்ள அள்ள முடியாது, சின்னப் பிள்ளையோட கை சுளுவா நுழையும், அந்த மாதிரி. அதனால பரப்பு பாதின்னாலும் பிடி தளரல, நல்லா இறுக்கமாவே நிக்குது.

நீட்டிக்கிட்டு இருக்கிற வளையம் தளதளன்னு ஆடாம இருக்கணும்ல? அதுக்கு டைசல்பைடு கட்டு. சிஸ்டீன்ங்கிற அமினோ அமிலம் ரெண்டு சேந்தா ஒரு தையல் விழும். எல்லா விநார்லயும் பொதுவா ஒரு தையல் உண்டு, அதுக்கு மேல கூடுதல் தையல் எங்க விழுதுங்கிறத வச்சு வகை பிரிக்கிறாய்ங்க. முதல் வகையில சிடிஆர் 3-ய சட்டகத்தோட சேத்துத் தச்சுருக்கும், இது நர்ஸ் சுறாவுலதான் நெறைய. ரெண்டாம் வகையில சிடிஆர் 1-யும் 3-யும் ஒண்ணோட ஒண்ணு தச்சு, வளையத்த மேல தூக்கி நிறுத்தும். மூணாம் வகை பெரும்பாலும் குட்டிச் சுறாகிட்ட இருக்கும், அதுல சிடிஆர் 3 அம்புட்டா மாறாது. நாலாம் வகையில கூடுதல் தையலே கிடையாது. ஒரே துணி, தையல மாத்தி மாத்திப் போட்டு வேற வேற சட்டையா ஆக்கிருச்சு.

மாட்டுத்தாவணி பூக்கடை
சனி, மாலை 5.05

நான் பூ வியாபாரம், என் மகன் பயோடெக் படிக்கிறான், அவன் சொல்லித்தான் இங்க வாசிக்கிறேன். ஒண்ணு புரியல தாயி. எத்தன விதம்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சே, அதுக்கு இன்னும் பதில் வரலையே?

நாகமலை ஆய்வகம்
சனி, மாலை 6.30

வாங்கண்ணே, உங்க தொழில வச்சே சொல்றேன்.

கதம்பம் கட்டுறத நினைச்சுக்கங்க. மனுசன்கிட்ட ஹெவி செயினுக்கு ஒரே ஒரு பெரிய கடைதான், அதுல ஒரு கூடையில 40 விதம் மல்லி, இன்னொரு கூடையில 20 சொச்சம் விதம் மரிக்கொழுந்து, இன்னொண்ணுல 6 விதம் கனகாம்பரம். அதாவது வி, டி, ஜேங்கிற ஜீன் துண்டுக. ஆன்டிபாடி செய்யுற ஒவ்வொரு பி செல்லும் கூடைக்கு ஒண்ணா எடுத்துக் கட்டும். கூடையில இருக்கிற விதத்துலயே பாதி வேலை முடிஞ்சுரும்.

சுறாகிட்ட அப்பிடி இல்ல. சின்னச் சின்னக் கடையா நெறைய, ஒவ்வொரு கடையிலயும் அதுக்குன்னு ஒரு வி, டி, ஜே, அடிப்பகுதி ஜீனும் அங்கயே. ஒரு கடைப் பூவ எடுத்து அடுத்த கடைப் பூவோட கட்டாது. ஐஜிநாருக்கு அந்தக் கடையே ரொம்பக் குறைச்சல், நர்ஸ் சுறாவுல நாலுதான். நாலே கடையில எப்பிடிக் கோடிக்கணக்குல கதம்பம் வரும்?

முடிச்சுலதான் இருக்கு அண்ணே. ஐஜிநார்ல ஒரு வி, மூணு டி, ஒரு ஜே. அப்ப நாலு எடத்துல முடிச்சுப் போடணும். ஒவ்வொரு முடிச்சுலயும் ஓரத்துப் பூவக் கொஞ்சம் கிள்ளி எறியும், நடுவுல கூடையிலயே இல்லாத பூவ நாலஞ்ச சொருகும், எத்தன கிள்ளும் எத்தன சொருகும்னு எந்தக் கணக்கும் கிடையாது. டிடிடின்னு ஒரு என்சைம்தான் அந்தச் சொருகுற வேலையச் செய்யுது. நாலு முடிச்சுலயும் இப்பிடி நடந்தா சிடிஆர் 3 ஒண்ணு மாதிரி இன்னொண்ணு அமையாது, நீளமே மாறிப் போயிரும். மனுசனுக்குக் கூடையில விதம் அதிகம், சுறாவுக்கு முடிச்சுல விதம் அதிகம்.

அதோட முடியல. நோய்க்கிருமிய ஒரு தடவ பாத்தப்பறம், கட்டி முடிச்ச கதம்பத்துலயே அங்கங்க ஒரு பூவ மாத்தும், இதுக்கு சொமேட்டிக் ஹைப்பர்மியூட்டேஷன்னு பேரு, நமக்கும் உண்டு. ஐஜிநார்ல இது ரொம்பத் தீவிரமா நடக்குது, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மூணு எழுத்து சேந்தாப்புல மாறுறதும் சுறாகிட்ட சகஜம். 2005-ல ஹெலன் டூலியும் ஃபிளாஜ்னிக்கும் நர்ஸ் சுறாவுக்கு லைசோசைம ஊசி போட்டு மாசக்கணக்குல ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. பிடி வரவர இறுகுச்சு, அப்பறம் மறுபடி ஊசி போட்டப்ப பழைய ஞாபகமும் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் சுறாவோட நோய் எதிர்ப்பு மந்தம், ஞாபகம் கிடையாதுன்னுதான் நிறையப் பேரு நம்பிக்கிட்டு இருந்தாய்ங்க. மந்தங்கிறது நேர விஷயத்துல மட்டும் நெசம், எலிக்கு வாரக்கணக்குல நடக்குறது இதுக்கு மாசக்கணக்கு ஆகும்.

மாட்டுத்தாவணி பூக்கடை
சனி, மாலை 6.50

முடிச்சுலதான் விதம்னு சொன்னீங்க பாருங்க, அது நெசம் தாயி. எங்க கடையில கட்டுற பிள்ளைங்க அஞ்சு பேரு, ஒரே கூடைப் பூவக் குடுத்தாலும் அஞ்சு கதம்பமும் அஞ்சு விதமாத்தான் வரும்.

செல்லூர் மகன்
சனி, இரவு 8.40

எனக்கு ஒரு கேள்வி, கொஞ்சம் வருத்தத்தோடதான் கேக்குறேன். எங்க அப்பாவுக்கு நுரையீரல்ல கேன்சர் வந்தப்ப, ஒருத்தர் சுறாவுக்குக் கேன்சரே வராது, அதோட எலும்புப் பொடிய மாத்திரையாச் சாப்பிட்டா சரியாயிரும்னு சொல்லி ஏழு மாசம் டப்பா டப்பாவாக் குடுத்தாரு. தறி வித்த காசு அது. அப்பா போன வருஷம் போயிட்டாரு. நீங்க சொல்ற ஆன்டிபாடி அந்த மாத்திரையில இருந்துருக்குமா? நான் இன்னும் கொஞ்சம் முன்னாடியே குடுத்துருக்கணுமோ?

கோச்சடை மருந்துக்கடை
சனி, இரவு 9.10

இல்ல தம்பி. மனசுல அந்தப் பாரமே வேண்டாம். அந்த மாத்திரை குருத்தெலும்புப் பொடி, ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கிறது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. அப்பிடியே இருந்தாலும் வயித்துக்குள்ள போனா செமிச்சுரும். குருத்தெலும்புச் சாறுல செஞ்ச மருந்த நுரையீரல் கேன்சர்க்காரங்க 379 பேருக்கு முறைப்படி குடுத்துப் பாத்து 2010-ல முடிவு வெளியிட்டாங்க. குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் ஆயுசுல வித்தியாசம் இல்ல. முன்னாடி குடுத்துருந்தாலும் ஒண்ணும் மாறிருக்காது. சுறாவுக்குக் கேன்சர் வராதுங்கிறதும் பொய், கட்டி வந்த சுறாக்கள நிறையப் பதிவு பண்ணிருக்காங்க. என் கடைக்கும் அந்த டப்பாவக் கேட்டு வருவாங்க, நான் வைக்கிறது இல்ல, உக்கார வச்சுப் பேசித்தான் அனுப்புவேன்.

செல்லூர் மகன்
சனி, இரவு 9.25

நன்றிங்கண்ணே. இத அம்மாகிட்டயும் படிச்சுக் காட்டுறேன்.

நாகமலை ஆய்வகம்
சனி, இரவு 10.00

அண்ணன் சொன்னதுதான் முழு உண்மை தம்பி. ஒரு வார்த்தை நானும் சேத்துக்கிறேன். நெசமான ஆராய்ச்சிக்கு சுறாவக் கொல்லவே வேண்டியதில்ல. வால் பக்கத்து நரம்புல இருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துட்டு திரும்பத் தொட்டியில விட்டுருவாய்ங்க. ஜீன் வரிசை கைக்கு வந்துட்டா அப்பறம் ஈ கோலை பாக்டீரியாவே விநாரத் தயார் பண்ணிக் குடுத்துரும், சின்னது, ஒத்த டொமைன், அதனால சுளுவா வரும். 2021-ல விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் ஸ்காட்லாந்து கம்பெனி ஒண்ணும் சேந்து கொரோனாவத் தடுக்குற விநார்களக் கண்டுபிடிச்சப்பக்கூட கோடிக்கணக்கான விநார் சேத்து வச்சுருந்த ஜீன் தொகுப்புல இருந்துதான் சலிச்சு எடுத்தாய்ங்க. ஒட்டகக் குடும்பத்து வழியில வந்த கேப்லசிசுமாப் 2018-ல ஐரோப்பாவுல மருந்தாவே ஒப்புதல் வாங்கிருச்சு. சுறா வழியில வந்தது அந்த எடத்துக்கு இன்னும் வரல. வரும்னு நம்பித்தான் நாங்கல்லாம் வேலை பாக்குறோம்.

மேலூர் விவசாயி
ஞாயிறு, காலை 6.45

அப்ப புட்டு சாப்பிட்டா அந்தப் பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க தங்கச்சி.

நாகமலை ஆய்வகம்
ஞாயிறு, காலை 7.30

ஆன்டிபாடியா வராது அண்ணே. வெந்து, செமிச்சு, வெறும் புரோட்டீனாத்தான் சேரும். கரிமேட்டுப் பாப்பா, ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காத: சுறா மத்த மீனத் தின்னு வளர்றதால பாதரசம் அதுல கூடுதலாச் சேரும், பால் குடுக்குற அம்மாமாரு சுறாவத் தவிர்க்கணும்னு அமெரிக்காவுல உணவு, மருந்தக் கண்காணிக்கிற எஃப்.டி.ஏ சொல்லுது. நெத்திலி, சாளைன்னு சின்ன மீனா வாங்கிக் குடுங்க, அதுலயும் சத்துக்குக் குறைச்சல் இல்ல. அம்மாகிட்ட பக்குவமாச் சொல்லு.

கரிமேட்டுக்காரி
ஞாயிறு, காலை 10.50

அக்கா, சொல்லிட்டேன். அம்மா முதல்ல முகத்தத் திருப்பிக்கிட்டாங்க, அவுக அம்மா அவுகளுக்குச் செஞ்சு குடுத்ததாச்சே. அப்பறம் நெத்திலி வாங்கிட்டு வரச் சொன்னாங்க.

அதுக்குத்தான் மார்க்கெட்டுக்குப் போனேன். நீங்க எழுதுன நினைப்புலயே சுறா வெட்டுற அண்ணன்கிட்ட நின்னு, குடல எறியாதீங்க, பாக்கணும்னு கேட்டேன். அவரு ஒரு பலகையில எடுத்துப் போட்டாரு. ஈரல் ரெண்டு பக்கமும் நீளமா, வெளுத்த மஞ்சளா, தொட்டா எண்ணெய் விரல்ல ஒட்டுது. வயித்துப்பைய ஒட்டி கருஞ்சிவப்பா ஒண்ணு, அது மண்ணீரல்தான? இன்னொண்ணு முட்டைப்பைய ஒட்டிக்கிட்டு வெளிறுன ரோஸ் கலர்ல, கொழுப்பு மாதிரி கொழகொழன்னு நீளமா இருந்துச்சு. அண்ணன் அத "வேஸ்ட்டு"ன்னாரு. அது என்னக்கா?

நாகமலை ஆய்வகம்
ஞாயிறு, காலை 11.20

பாப்பா, நீ பாத்தது எபிகோனல் உறுப்பு! சுறாவுக்கு எலும்பே கிடையாது, குருத்தெலும்புதான், அப்ப எலும்பு மஜ்ஜைக்கு எங்க போகும்? அந்த வேலைய இனப்பெருக்க உறுப்ப ஒட்டி இருக்கிற இதும், சில சுறாவுல உணவுக்குழாயில இருக்கிற லைடிக் உறுப்பும் பாக்குது. பி செல் பிறக்குறதே அங்கதான். கருஞ்சிவப்பு மண்ணீரலேதான். பிடி இறுகுன செல்லத் தேர்ந்தெடுக்குற எடம் அந்த மண்ணீரலுக்குள்ள இருக்குங்கிறத 2023-லதான் தெளிவாக் காட்டுனாங்க, நம்ம நிணநீர்க் கணுவுல நடக்குறதுக்கு மூத்த வடிவம் அது.

நான் படிச்ச துறையில பேராசிரியர் வி. ஆர். முத்துக்கருப்பன் வேலியில ஓடுற ஓணான வச்சே நோய் எதிர்ப்ப ஆராய்ஞ்சவரு. அதனால மார்க்கெட் பலகையில பாக்குறதச் சின்னதா நினைக்காத. அடுத்த தடவ போகும்போது ஒரு சின்ன டப்பாவுல பத்து சதம் ஃபார்மலின் கொண்டு போ, கையில கிளவுஸ் போட்டுக்க, எபிகோனல்ல ஒரு துண்டும் மண்ணீரல்ல ஒரு துண்டும் வெட்டிப் போட்டு மூடிக் கொண்டா, துண்டு அரை சென்டிமீட்டரவிடத் தடியா வேண்டாம், உள்ள மருந்து இறங்காது. என் லேப்ல மைக்ரோடோம், அதான் மெல்லிசாச் சீவுற கருவி, இருக்கு, சேந்து வெட்டி ஸ்லைடு போட்டுப் பாத்துருவோம்.

கரிமேட்டுக்காரி
ஞாயிறு, காலை 11.35

புதன்கிழமை பால்சுறா லோடு வரும்னு அண்ணன் சொன்னாருக்கா. வியாழக்கிழமை காலேஜ் முடிச்சு நேரா உங்ககிட்ட வந்துர்றேன்.